ஆராய்ச்சி மணி

திருவாரூரில் வீற்றிருந்து ஆண்ட மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது. முறை வேண்டுவோர் எவராயினும் அதனை அசைக்கலாம். கன்றை இழந்த பசுவொன்று தன் கொம்பினால் அம்மணியை அசைத்து அரசனிடம் முறை பெற்றது என்று பெரியபுராணம் கூறுகின்றது. அப்பசு பெருந்துயர் உற்றதாயினும், வீதி வழியே நடந்து மணியை அடைய அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால், தன் இல்லத்தினுள்ளேயே அடியுண்டு, வாயிற்படியைத் தாண்டவும் இயலாமல், வாய்விட்டு அழவும் அஞ்சி நிற்கும் பெண்ணொருத்திக்காக மணியை அசைப்பவர் யார்?

இவ்வினா வீண் வினா அன்று. 2005-06ஆம் ஆண்டுகளில் இந்திய நாடு முழுவதும் தேசியக் குடும்பநல ஆய்வு ஒன்று நடைபெற்றது. மணமான பெண்டிருள் 100க்கு 37 பேர் கணவரின் வன்செயலுக்கு ஆளானவர் என்பது அதனால் புலனாயிற்று. அவ்வாறு துன்புற்றவருள்ளும் நால்வரில் ஒருவரே பிறர் உதவியை நாடினர். ஏனையோர் துன்பத்தை நெஞ்சினுள் புதைத்துக்கொண்டு வாழ்ந்தனர்.

அவர்கள் வாய்பேசா திருந்தமைக்குக் காரணம் என்ன? அவ்வாய்விலேயே அதற்கும் விடை உண்டு. ஏதேனும் ஒரு காரணம் பற்றி மனைவியை அடித்தல் தகும் என்று ஆடவருள் 100க்கு 51 பேர் கூறினர். பெண்டிருள்ளும் 100க்கு 54 பேர் அவ்வாறே கூறினர்! அடிப்பவனேயன்றி, அடிபடுபவளும் அதனை முறையெனக் கருதுவாளாயின், முறையீடு எங்ஙனம் பிறக்கும்? ‘அடியாத மாடு படியாது’ என்று மாட்டிற்குச் சொன்ன பழமொழியை மனையாளுக்கும் பொருத்திப் பேசியது நம் சமுதாயம். ‘கணவன் மனைவியர் பூசலில் அயலார் தலையிடலாகாது’ என்று கூறி, அண்டை வீட்டாரும் கதவை அடைத்துக்கொண்டனர். நோய் கையில் மட்டும் இல்லை, கருத்திலும் இருக்கின்றது. கருத்தில் உள்ள நோய்க்குக் கல்வியே மருந்து.

குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2005ஆம் ஆண்டில் இயற்றியது. 2006ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உடலை வருத்துதல் மட்டுமன்றி, இழிசொல்லால் உள்ளத்தைப் புண்படுத்துதலும், செலவுக்குப் பொருள் தராது வாட்டுதலும் வன்முறையே என அச்சட்டம் வரையறுத்தது. கணவன் வீட்டில் வாழும் உரிமையையும் பெண்ணுக்கு அளித்தது. அதன் மற்றொரு சிறப்பும் அறியத்தக்கது. ஒரு வீட்டில் வன்முறை நிகழ்வதாக நம்புதற்குக் காரணம் உடைய எவரும் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது வழக்குத் தொடுத்தல் இயலாது. அயலார் தலையிடலாகாது என்னும் பழைய வழக்கைச் சட்டம் இவ்வாறு நீக்கிற்று.

எனினும், ஏட்டில் உள்ள சட்டம் வீட்டு வாயிலை அடைய வேண்டுமே! அப்பணியை மேற்கொண்ட இயக்கங்களுள் ஒன்று, 2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்ற ‘பெல் பஜாவோ’ என்பதாகும். ‘மணியை அடியுங்கள்’ என்பது இவ்விந்தித் தொடரின் பொருள். ‘பிரேக்த்ரூ’ என்னும் மனித உரிமை அமைப்பு இதனைத் தோற்றுவித்தது. இவ்வியக்கத்தார் சிறு படங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் உலவவிட்டனர். அப்படங்களுள் ஒன்றில், சிறுவர் சிலர் தெருவில் பந்தாடிக்கொண்டிருக்கின்றனர். அருகிலுள்ள வீட்டிலிருந்து ஒரு பெண் அடிபடும் ஓசை கேட்கின்றது. ஆட்டம் நிற்கின்றது. சிறுவன் ஒருவன் சென்று அவ்வீட்டின் அழைப்புமணியை அடித்துப் பந்தைக் கேட்கின்றான். மற்றொரு படத்தில் அண்டை வீட்டார் ஒருவர் மணியை அடித்துச் சிறிது பால் கேட்கின்றார்.

அவர் வேண்டியது பாலும் அன்று. சிறுவன் வேண்டியது பந்தும் அன்று. ‘நீ செய்வதை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்பதை அடிப்பவனுக்கு உணர்த்துவதே அவர்தம் நோக்கம். தன்னைக் காண்பார் இலர் என்னும் துணிவே கொடியவனின் வலிமை. அம்மணியோசை அத்துணிவைத் தளர்த்துகின்றது. உள்ளே இருப்பவளுக்கோ, தான் தனியள் அல்லள் என்னும் உறுதியைத் தருகின்றது. ஆடவரைப் பகைவராக எண்ணாது, துணைவராக அழைத்தமை இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு ஆகும்.

படங்களைக் காட்டியதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. கருநாடகம், மகாராட்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களின் ஊர்களுக்கு ஊர்தியில் சென்று, தெருக்கூத்தாலும் வினாவிடைப் போட்டிகளாலும் மக்களுக்குச் சட்டத்தை விளக்கினர். இளைஞர்க்குப் பயிற்சியும் அளித்தனர்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வு, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்டிருள் 100க்கு 29 பேர் இவ்வன்செயலுக்கு ஆளானவர் எனக் காட்டுகின்றது. முன்னைய தொகை குறைந்துள்ளது; ஆயினும், தீர்ந்திலது.

மாணவர் இதில் செய்யத்தக்கது யாது? வெகுண்டு சென்று கைகலத்தல் தகாது. அதனால் அப்பெண்ணுக்கே மேலும் இடர் நேரக்கூடும். உடனே பெரியோரிடம் கூறுதல் வேண்டும். பெண்களுக்கு உதவும் 181, குழந்தைகளுக்கு உதவும் 1098, அவசர உதவிக்கு உரிய 112 ஆகிய தொலைபேசி எண்களை நினைவிற் கொள்ளல் வேண்டும். துன்பம் தம் வீட்டிலேயே நிகழுமாயின், அதனைக் குடும்ப மானம் கருதி மறைத்தல் வேண்டா. நம்பத்தக்க ஆசிரியரிடம் கூறலாம். அடித்தவனுக்கே அது மானக்கேடு, அடிபட்டவர்க்கு அன்று. இவற்றினும் மேலாக, இன்றைய மாணவன் நாளைய இல்லத்தலைவன். உடன்பிறந்தாளையும் உடன்பயில்வாளையும் தனக்கு நிகராக இன்று மதிப்பவன், மனையாளை நாளை அடிக்கத் துணியான்.

மனுநீதிச் சோழனுக்கு ஒரு மணியே இருந்தது. இன்றோ, நகரில் வீடுதோறும் வாயிலில் ஒரு மணி இருக்கின்றது. மணி இல்லாத வீட்டிலும் தட்டுதற்குக் கதவு இருக்கின்றது. அழுகுரல் கேட்டபோது அதனை அசைக்கும் கைகளே வேண்டும்.