நம்பிக்கைகளும் உண்மைகளும்: கோபம் ஒன்று, பெயர் இரண்டு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் தலவாக்கலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, "கம்பஸில் உளவியல் படிக்கப்போகிறேன்" என்றால், "அது பைத்தியம் பார்க்கிற படிப்பா?" என்றுதான் லயத்தில் முதலில் கேட்பார்கள். பால்நிலையும் மனவெழுச்சியும் அதில் ஒரு பாடம் என்றால், "பொம்பளை அழுவாள், ஆம்பளை அடக்கிக்கொள்வான். இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். படிக்க நிறையவே இருக்கிறது.

நம்பிக்கை 1: பெண்களே அதிகம் உணர்ச்சிவசப்படுகிறவர்கள்.

உண்மை: 1998இல் வெளியான ஆய்வொன்றில் ஆன் கிரிங், ஆல்பர்ட் கோர்டன் இருவரும் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திரைப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தில் அதிகம் காட்டியவர்கள் பெண்கள். ஆனால் உள்ளே எவ்வளவு உணர்ந்தார்கள் என்று கேட்டபோது இரு பாலாரின் பதிலிலும் வேறுபாடு இல்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு 142 பேரின் மனநிலையை 75 நாட்கள் பதிவுசெய்தது. ஆண்களின் மனநிலையும் பெண்களுடையதைப் போலவே ஏறி இறங்கியது.

நம்பிக்கை 2: கோபம் ஆணுக்கு, பயம் பெண்ணுக்கு.

உண்மை: 1976இல் ஜோன் கொண்ட்ரி, சான்ட்ரா கொண்ட்ரி இருவரும் ஒரு குழந்தையின் படக்காட்சியைப் பலருக்குக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழ, குழந்தை வீரிடுகிறது. ஆண் குழந்தை என்று கேள்விப்பட்டவர்கள் அதில் கோபத்தைக் கண்டார்கள். பெண் குழந்தை என்று கேள்விப்பட்டவர்கள் பயத்தைக் கண்டார்கள். குழந்தை ஒன்றுதான்.

இதை நாம் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே பார்க்கலாம். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ கழிக்கும்போது ஒரு பெண் குரலை உயர்த்தினால் அவள் வாய்க்காரி. அதே குரலில் ஓர் ஆண் கேட்டால் ரோசக்காரன். வாய்க்காரி என்று பெயர் விழுந்துவிட்டால் அவள் கேட்ட கணக்கை யாரும் காதில் வாங்குவதில்லை.

நம்பிக்கை 3: ஆம்பளை அழக்கூடாது. அதுதான் நம் பண்பாடு.

உண்மை: மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது ரதி வேடம் கட்டுவது ஆண்தான். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தபின் ரதியாக நின்று ஒப்பாரி வைப்பதும் அவர்தான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கையும் அழுகைக்குக் காரணமாகச் சொல்கிறது. இவை ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். தோட்டத்தில் இவை நான்கும் நுழையாத லயம் எது?

இலங்கையில் தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் மனம் விட்டுப் பேசுவதை வெட்கமாக நினைக்கும் ஒருவர் உதவி கேட்கத் தயங்குவார் என்பதை மறுக்க முடியாது.

நம்பிக்கை 4: உளவியல் பொம்பளைப் பிள்ளைகளுக்கான படிப்பு.

உண்மை: 2005இல் ஜெனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஆண், பெண் வேறுபாடுகளாகக் கணக்கிடப்பட்டவற்றில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லையென்றே சொல்லத்தக்கவை. ஆகவே பால்நிலையும் மனவெழுச்சியும் என்ற பாடம் இரு பாலாரைப் பற்றியது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கலைப்பீடங்களில் உளவியல் கற்பிக்கிறார்கள். பரிசோதனை, புள்ளிவிபரம், நேர்காணல் எல்லாம் அதில் உண்டு.

நம் மக்கள் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "மனசு பாரமா இருக்கு" என்றே சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உளவியலாளர்களாக இங்கே திரும்பி வரவேண்டும். பெற்றோரே, மகள் கேட்டாலும் மகன் கேட்டாலும் இந்தப் படிப்புக்குத் தடை சொல்லாதீர்கள். அதுவரை, மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஆண்களும் அழைக்கலாம்.