பிந்தி வந்த கண்ணீர்

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் எழுதிய 'இழந்த காலத்தைத் தேடி' என்னும் புதினம் 1913 முதல் 1927 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கப் புகுந்த நான், நெடிய வாக்கியங்களுக்கு அஞ்சி இருமுறை மூடிவைத்தேன், மீண்டும் திறந்தேன். நான்காம் பகுதியில்தான் என் உள்ளம் அகப்பட்டது.

பாட்டி இறந்து ஓராண்டுக்கு மேலாகிறது. கடற்கரை விடுதியில் காலணியைக் கழற்றக் குனிகிறான் கதைசொல்லி. முன்பு அங்கேயே அவள் குனிந்து கழற்றிவிட்டது நினைவில் எழுகிறது. அப்போதுதான் அவள் இல்லை என்பதை உணர்ந்து அழுகிறான். வலிந்து அழைத்தால் வராத நினைவு, அழையாமலே வந்து நிற்கிறது.

என் பாட்டி மறைந்தபோது நான் இங்கே தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன், அழவில்லை. என்னைக் கல்நெஞ்சன் என்றே எண்ணியிருந்தேன். அன்பர்களே, துயருக்கும் தனக்கென ஒரு காலம் உண்டு என்பதை இந்நூலால் அறிந்தேன்.