விமானப் பாதுகாப்பில் மனிதக் காரணிகள்

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள ஜூ டவுன் கடல் வாணிகத்தால் வளர்ந்த பகுதியாகும். அதன் அருகே, காயலுக்கு அப்பால் அமைந்த வில்லிங்டன் தீவின் கடற்படை விமான நிலையமே 1999 வரை கொச்சிக்கு வரும் பயணிகள் விமானங்களுக்கும் பயன்பட்டது. அவ்வாண்டில் நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் உழைப்போரை ஏற்றிவரும் விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இங்கு இறங்குகின்றன. மனித உடல் உறக்கத்தை மிகுதியாக நாடும் நேரமும் அதுவே. 2011 ஆகஸ்ட் 29 அன்று விடியுமுன், கனமழையில் கொச்சியில் இறங்கிய பஹ்ரைன் விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகியது. நல்வாய்ப்பாக எவரும் உயிரிழக்கவில்லை.

மனிதக் காரணிகள் யாவை?

களைப்பு, கவனச் சிதறல், பதவி வேற்றுமையால் எழும் தயக்கம், பயிற்சிக் குறை, நிர்வாகத்தின் நெருக்குதல் ஆகியவை மனிதக் காரணிகளுள் அடங்கும். இவற்றை 'விமானியின் தவறு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. தவறு ஏன் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இத்துறையின் நோக்கமாகும்.

1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளின் டெனரீஃப் நிலையத்தில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். ஓடுபாதை காலியாகிவிட்டதா என ஒரு விமானத்தின் பொறியாளர் எழுப்பிய ஐயத்தை அதன் தலைமை விமானி ஏற்கவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் தயக்கமின்றிப் பேசிச் செயல்படும் பயிற்சி உருப்பெற்றது.

இரு இந்திய விபத்துகள்

2010 மே 22 காலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் இறந்தனர். விமானி அறையில் பதிவான சுமார் 2 மணி நேர ஒலியில், பெரும்பகுதி நேரம் தலைமை விமானி உறங்கியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. விழித்தபின்னும் உறக்கத்தின் மந்தம் நீங்கவில்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலெழும்புமாறு துணை விமானி மும்முறை கூறியும் பயனில்லை. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடியைக் கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

2020 ஆகஸ்ட் 7 மாலை கோழிக்கோட்டில் நேர்ந்த விபத்தில் இரு விமானிகள் உள்பட 21 பேர் இறந்தனர். மழையும், பின்புறமிருந்து வீசிய காற்றும் இடையூறாக இருந்தன. இங்கும் மேலெழும்புமாறு துணை விமானி கூறிய சொல் ஏற்கப்படவில்லை. தலைமை விமானி மறுநாள் காலை வேறொரு விமானத்தை ஓட்டவேண்டியிருந்தது. அங்குத் தலைமை விமானிகள் போதிய எண்ணிக்கையில் இல்லாததையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆகவே விமானி அறையில் எடுக்கப்படும் முடிவில் அலுவலகத்தின் பணிப்பட்டியலுக்கும் பங்குண்டு.

ஓய்வும் பொருளாதாரமும்

விமானம் விலையுயர்ந்த மூலதனம். அது தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் இழப்பு. எனவே நிறுவனங்கள் அதை இரவிலும் இயக்க விரும்புகின்றன. ஆனால் இயந்திரத்தைப்போல மனிதனை இடைவிடாது இயக்க இயலாது. இதனை உணர்ந்து, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதிகளைத் திருத்தியது. விமானிகளின் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. இரவில் அனுமதிக்கப்படும் தரையிறக்கங்களும் குறைக்கப்பட்டன. இவை 2025-இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் விமானிகள் போதாமையால் ஏராளமான விமானங்கள் ரத்தாயின. சில விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. ஓய்வு விதிக்கு ஏற்பப் பணியாளரை முன்கூட்டியே நியமிக்காவிடில், விதி ஏட்டளவில் நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

செய்யவேண்டுவன

களைப்பைத் தெரிவிக்கும் விமானி தண்டிக்கப்படலாகாது. இறங்காமல் மேலெழும்பும் முடிவு குறையாகக் கருதப்படக் கூடாது. துணை விமானியின் எச்சரிக்கைக்குத் தலைமை விமானி செவிசாய்ப்பது பயிற்சியால் பழக்கமாக வேண்டும். ஓய்வுக்கும் பயிற்சிக்கும் ஆகும் தொகையைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுவது சரியன்று. அது பயணிகளின் உயிருக்கான முதலீடாகும்.