எந்த மலையில் பிறந்த செடி?

எங்கள் மாடிக்கு அகேவ் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றணும்?" என்றுதான். அதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பல ஆண்டுகள் வளர்த்து, பிறகு சென்னைக்குத் திரும்பி இங்கேயும் வளர்த்து நான் கண்டுகொண்டது இதுதான்: செடி பிறந்த மலையின் உயரமும் அங்கே மழை பெய்யும் மாதமும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊரில் வயல் வேலியிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கும் ஆனைக்கற்றாழை அகேவ்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சோற்றுக்கற்றாழைக்கு இது நெருங்கிய உறவு அல்ல. சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். அகேவில் பெரும்பாலான இனங்கள் வாழ்நாளில் ஒரே முறை, வானளாவிய ஒரு தண்டை எழுப்பிப் பூத்துவிட்டு மடியும். 200க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பகுதி மெக்சிகோவில். அங்கே கடலோர மணலில் வளர்வதும் உண்டு, 3,000 மீட்டர் உயரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே பனியில் நனைவதும் உண்டு. எல்லாவற்றையும் 'பாலைவனச் செடி' என்று ஒரே பெயரில் விற்றுவிடுவதால்தான் இத்தனை செடிகள் அழுகிச் சாகின்றன.

அகேவின் இலை பகலில் தன் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும். அதனால் இரவின் குளிர்ச்சி அதற்கு மிக முக்கியம். பகலில் 42 டிகிரி அடித்தாலும் இரவு 22க்கு இறங்கினால் செடி தெம்பாக இருக்கும். சென்னை மே மாதத்தைப் போல இரவிலும் 28க்குக் கீழே இறங்காவிட்டால் மலைச் செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் வாடுகிறதே என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேர் அழுகுவதில்தான் முடியும்.

ஃபீனிக்ஸில் ஆண்டு மழை சுமார் 180 மில்லிமீட்டர்தான். அங்கே வடிகால் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வெயில்தான் சோதனை. பாபாகோ பூங்காவில் 1939 முதல் இருக்கும் பாலைவனத் தாவரவியல் தோட்டத்துக்கு அடிக்கடி போவேன். எந்த இனத்தை மர நிழலில் வைத்திருக்கிறார்கள், எதைத் திறந்த வெளியில் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் என் வீட்டு முற்றத்தில் இடம் ஒதுக்கினேன். முள்ளில்லாத, மெத்தென்ற இலைகொண்ட அட்டெனுவாட்டா பிற்பகல் வெயிலில் வெளிறிப்போகும். கூனைப்பூ போல இலைகளை அடுக்கிக் குவிந்திருக்கும் பாரி ட்ரங்காட்டாவுக்குக் கூட மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் நிழல் வேண்டும். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. பல இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. நான் விட்டுவந்த செடிகளைப் பராமரிக்கும் அண்டைவீட்டுக்காரர் படம் அனுப்பினார். வேலமர நிழலில் நின்றவை பிழைத்திருந்தன. வெட்டவெளியில் நின்றவற்றின் இலைகளில் வெள்ளைத் தழும்புகள். அகேவ் இலை ஆண்டுக்கணக்கில் செடியிலேயே இருக்கும் என்பதால் அந்தத் தழும்பும் அத்தனை ஆண்டு இருக்கும். நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அந்த ஊரில் வெயிலை விடக் கொடிய எதிரி ஒன்று உண்டு: கூன்வண்டு. நம் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அடித்தண்டில் துளையிட்டு முட்டை வைக்கும்; அதோடு கிருமியும் உள்ளே போகும்; புழுக்கள் குருத்தின் அடியைத் தின்னும். வெளி இலைகள் சரிந்து, நடுக்குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்பதை நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட செடியை வேரோடு தோண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியில் போட்டால் புழு வண்டாகி அடுத்த செடிக்குப் போகும். ஆனைக்கற்றாழையை இந்த வண்டு மிகவும் விரும்பும். வசந்த காலத்தில் வேரில் இமிடாகுளோபிரிட் ஊற்றிக் காப்பவர்கள் உண்டு. பூத்தண்டு எழும்பும் செடிக்கு மட்டும் அதை ஊற்றாதீர்கள். அந்தப் பூவின் தேனை நம்பி வௌவாலும் தேனீயும் வரும்.

சென்னையில் நிலைமை தலைகீழ். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மெக்சிகோ மலைகளில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதன் பிறகு நீண்ட வறட்சி. செடி ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் நம் வடகிழக்குப் பருவமழை வந்து நனைக்கிறது. எனவே சென்னையில் அகேவ் வளர்ப்பது என்பது முக்கியமாக அந்த மூன்று மாதங்களைக் கடத்துவதுதான். அக்டோபர் தொடங்கும் முன் தொட்டிகளை ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுகிறேன். வெளிச்சம் குறையாமல் மழை மட்டும் படாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் காற்று தாராளமாக ஓட வேண்டும். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் இலையில் கருப்புக் குழிப்புண்கள் வரும், அது பூஞ்சாணம். தண்ணீரை எப்போதும் மண்ணில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள்.

மண்கலவைதான் அடுத்தது. நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தேங்காய்நார்க் கழிவில் வளர்ந்திருக்கும். வாங்கி வந்ததும் அதை முழுக்க உதறிக் கழுவிவிடுகிறேன். பருவமழையில் அது நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கலவையில் பாதிக்கு மேல் கல்தான்: பொடி ஜல்லியும் உடைத்த செங்கலும். மீதி செம்மண், கொஞ்சம் மக்கிய தொழுவுரம், ஒரு பிடி உமிக்கரி. தொட்டி மண்தொட்டிதான், சுவர் வழியே ஈரம் வெளியேறும். தொட்டி மாற்றுவதைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நடுவதானால் முழங்கால் உயர மேடு எழுப்பி நடுங்கள். மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதி முழுக்கத் தண்ணீர் தேங்கியபோது மேட்டில் நின்றவைதான் தப்பின.

சென்னைக்கு எந்த இனம்? தாழ்நிலத்திலும் வளரும் அங்குஸ்டிஃபோலியா கவலையே இல்லாமல் வளரும். வெள்ளை விளிம்புள்ள அதன் வகை எல்லா நர்சரியிலும் கிடைக்கும். வஹாகாவின் வெப்பமான பள்ளத்தாக்குப் பாறைகளில் பிறந்த டைட்டனோட்டாவும் நம் வெக்கையைத் தாங்குகிறது. இப்போது ஆசியா முழுவதும் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதையும் இதன் உறவான ஒட்டெராயையும்தான். ஒட்டெராய் தனி இனமாகப் பெயர் பெற்றதே 2019இல். அகன்ற இலை, ஓரத்தில் எலும்பு நிறத்தில் நெளியும் பற்கள். இலைகள் குருத்துக்குள் இறுக்கமாக ஒன்றையொன்று தழுவியிருக்கும்போது ஓர் இலையின் பற்கள் அடுத்த இலையில் அழுந்தி அச்சாகிவிடும். இலை விரிந்த பிறகும் அந்த அச்சு அழியாது. ஒவ்வோர் இலையிலும் அதற்கு முன் விரிந்த இலையின் கோடு இருக்கும். காலையில் சாய்வான வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அகேவ் சேகரிக்க எனக்கு வேறு காரணமே தேவையில்லை.

குளிரை விரும்பும் இனங்களைச் சென்னையில் நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை. பாரி இங்கே உயிரோடிருக்கும், ஆனால் இலை நீண்டு, கட்டுக் குலைந்துவிடும். ஃபீனிக்ஸில் வதங்கிய அட்டெனுவாட்டா குன்னூரில் சித்தி வீட்டுச் சரிவில் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. அதன் தாயகமும் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்து மலைதான். ஊட்டியில் உறைபனி விழும் பள்ளத்தில் மட்டும் அதை நடக் கூடாது. ஒரே இரவில் இலை கருகும். லண்டனில் இருக்கும் என் தம்பி மோண்டானா வளர்க்கிறான். குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதைத் தாங்கும் அபூர்வ இனம் அது. பாரியையும் வைத்திருக்கிறான், ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை அதன் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிப் பலகை. மண் காய்ந்திருந்தால் பாரி மைனஸ் 15 டிகிரியையும் தாங்கும். ஈரமண்ணில் அதைவிடக் குறைந்த குளிரிலேயே அழுகிவிடும்.

சில கைவேலைகள். பக்கக்கன்று கைமுட்டி அளவு வந்ததும் பிரியுங்கள். வெட்டுவாய் நிழலில் சில நாள் காய்ந்த பிறகே நடுங்கள். நுனி முள் கண்ணைக் குத்தும். குழந்தைகள் நடமாடும் இடமானால் நகவெட்டியால் முள்ளின் முனையை மட்டும் நறுக்கிவிடலாம். பெரிய செடியை அறுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாற்றில் உள்ள ஆக்ஸலேட் ஊசிகள் தோலைக் கொப்பளிக்க வைக்கும். இலை அடியில் எண்ணெய் படிந்தது போன்ற கோடுகள் தெரிந்தால் அது சிலந்திப்பேன். நனையும் கந்தகம் தெளித்து, அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது எங்கே வளர்ந்தது? வெள்ளைக் கோடுகள் கொண்ட விக்டோரியா ரெஜினே பல வடிவங்களில் கன்று விடாது. விதையிலிருந்து மெதுவாக வளர்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மலைப்பாறையிலிருந்தே பெயர்த்தெடுத்து விற்கிறார்கள். அந்த இனமும் சின்னஞ்சிறு பார்விஃப்ளோராவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வாங்காதீர்கள். கூன்வண்டு பயணம் செய்வதும் செடிக்குள் ஒளிந்துதான். விதையிலிருந்தோ கன்றிலிருந்தோ தானே வளர்த்தவரிடம் வாங்குங்கள். சிறிய செடியாகவே வாங்குங்கள். உங்கள் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அதுதான் சீக்கிரம் பழகும்.