தெருவின் பெயரும் நூலின் மதிப்பும்

(உரைநடை: நூல் மதிப்புரை)

நுழையும்முன்

கதை படித்தோர் 'பிடித்தது' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ கூறி அமையலாம். வரலாறு, அறிவியல், பயணம், சமையல் முதலிய நூல்களைப் படித்தோர்க்கு அது போதாது. நூல் கூறுவது மெய்தானா, நூலாசிரியர்க்கு அஃது எவ்வாறு தெரிந்தது என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. வலியசாலை என்னும் ஊர்ப்பகுதியின் பெயரைச் சூழ்ந்து நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் அறிஞர் உரையாடல் ஒன்றைக் கொண்டு, மதிப்புரை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றுக்கு அணித்தே அமைந்தது வலியசாலை. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் அங்கு உள்ளன. அங்குள்ள சிவன்கோயிலின் பெயர் காந்தளூர் மகாதேவர் கோயில். 'வலிய' என்னும் மலையாளச் சொல்லுக்குப் 'பெரிய' என்பது பொருள். ஆகவே வலியசாலை என்பது பெரிய சாலை. இன்றைய தமிழில் சாலை என்றால் வண்டிகள் செல்லும் வழி. பழைய வழக்கிலோ அது கூடம், மண்டபம் என்னும் பொருளது. பாடசாலை, தருமசாலை, பாகசாலை, தொழிற்சாலை ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. அப்படியாயின் வலியசாலையில் இருந்த பெரிய கூடம் எது?

இத்தெருவில் வாழும் மாணவி ஒருத்தி தன் ஊரைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றைப் படிக்கிறாள் என்று கொள்வோம். தந்தையின் பணியின் பொருட்டுத் திருநெல்வேலியிலிருந்து இங்கு வந்த குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும், விளையாட்டுத் திடலில் மலையாளம் என அவளுடைய நாள் கழிகிறது. அவள் படித்த நூல், 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் நாளந்தாவைப் போன்றதொரு பெரும் பல்கலைக்கழகம் இருந்தது. இராசராச சோழன் அதனை அழித்தான்' என்று ஐயமின்றிக் கூறுகிறது. படித்தவுடன் அவளுக்குப் பெருமிதம் பிறக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவள் என்று தன்னை எண்ணியிருந்தவளுக்குத் தன் வீட்டு வாசலே ஒரு பெரிய வரலாற்றின் வாசலாகத் தோன்றுகிறது. ஆயினும் உடனே ஒரு சங்கடமும் எழுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய மன்னன் என்று அவள் போற்றும் இராசராசனே இங்கு அழித்தவனாக நிற்கிறான். எந்தப் பெருமையைக் கைக்கொள்வது, எதனைக் கைவிடுவது?

சூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். நூலக இயக்கத்தைக் கட்டி வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாள் அது. அவர் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் தோன்றியது. அந்நாளையொட்டிப் பள்ளிகளில் மாணவர்கள் 'வாயனக்குறிப்பு' எழுதுவர். அம்மாணவியும் எழுத வேண்டும். நூலைப் புகழ்ந்து பத்து வரி எழுதிவிடுதல் எளிது. ஆனால் நூல் கூறும் செய்தி அவளுடைய தெருவைப் பற்றியது. அது பிழையாயின் அப்பிழையை அவளும் பரப்பியவள் ஆவாள்.

எனவே சான்றுகளை நோக்க வேண்டும். முதலாம் இராசராசன் (985–1014) கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தியைக் கூறுகிறது. இச்சிறு தொடரே சிக்கலின் மூலம். கலம் என்பது மரக்கலமாகவும் இருக்கலாம், உண்கலமாகவும் இருக்கலாம், அணிகலனாகவும் இருக்கலாம். கல்வெட்டுகளைப் பதிப்பித்த செருமானிய அறிஞர் ஹுல்ஷ் இதனை மரக்கலம் எனக் கொண்டு, காந்தளூரில் நின்ற கப்பல்களை மன்னன் அழித்தான் என்று விளக்கினார். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையில் பணியாற்றிய தி. அ. கோபிநாத ராவ் சாலை என்பது உணவளிக்கும் அறச்சாலை, கலம் என்பது உண்கலம் என்று கருதினார். கேரள வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை அதனைப் பெரியதொரு கல்விக்கூடமாகக் கண்டார். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பாட்டால் மட்டுமே அவரை அறிந்தோர்க்கு இது வியப்பாக இருக்கும்.

கல்விக்கூடம் என்னும் கருத்துக்கு வலுவான சான்று வேறோர் இடத்திலிருந்து கிடைக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் வெளியிட்ட செப்பேடு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் அவன் ஒரு சாலை நிறுவியதைத் தெரிவிக்கிறது. அங்கே 95 சட்டர், அதாவது மாணவர், தங்கிப் பயிலலாம். இலக்கணம் அறிந்திருத்தலும் மூன்று அரசுகளின் நடைமுறை தெரிந்திருத்தலும் சேர்க்கைக்குரிய தகுதிகளுள் அடங்கும். மாணவர் தம்முள் பூசலிட்டால் தண்டம் உண்டு. படைக்கலத்தோடு கூட்டத்துக்கு வருதல் கூடாது. (அக்காலத்து விடுதி மாணவரும் விதி இல்லாமல் அடங்கி இருந்தவர் அல்லர் போலும்.) இவையெல்லாம் காந்தளூரின் ஒழுங்கைப் பின்பற்றி அமைக்கப்பட்டன என்று அச்செப்பேடே குறிப்பிடுகிறது. ஆகவே 866க்கு முன்னரே காந்தளூரில் பிறர் பின்பற்றத்தக்க சாலை ஒன்று இருந்தது என்பதும், அங்குக் கல்வி நிகழ்ந்தது என்பதும் நம்பத்தக்கன.

ஆனால் அச்சாலை அழிக்கப்பட்டதா? இராசராசனுக்குப் பின்வந்த முதலாம் இராசாதிராசனும் அதே செயலைத் தன் வெற்றியாகக் கூறிக்கொள்கிறான். ஒரு முறை முற்றும் அழிந்ததை மீண்டும் அழித்தல் எவ்வாறு? இன்னும் ஒரு தடை உண்டு. இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூரைக் கடலோடு இயைத்துப் பேசுகிறது. வலியசாலையோ கடற்கரையில் இல்லை. கோயிலின் பெயர் காந்தளூர் என்பது இடத்துக்குச் சான்று. கடல் என்னும் அடைமொழி அதற்கு எதிரான சான்று. விழிஞத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதியிலேயே காந்தளூரைத் தேட வேண்டும் என்போரும் உளர். நாளந்தாவோடு ஒப்பிடுதலோ உவமை மட்டுமே. நாளந்தாவுக்குச் செங்கல்லும் சுவரும் அகழ்ந்து காணக் கிடைக்கின்றன. வலியசாலையில் அவ்வாறு ஒரு கட்டடம் வெளிப்படவில்லை.

இவ்வாறு ஒரு நூலை வினவும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரத்தின்படி, அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது. அவர் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை கூறினார் என்பது உரைமரபு. அந்த அதங்கோடு இன்றைய குமரி மாவட்டத்தில், வலியசாலையிலிருந்து ஒருநாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ள ஊரே என்பர். வினாக்களுக்கு விடை தந்த பின்னரே நூலுக்கு மதிப்பு. பவணந்தி முனிவரின் நன்னூல் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவற்றை வகுத்துரைக்கிறது. நூலை ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, தொகுத்ததா விரித்ததா மொழிபெயர்த்ததா, எப்பொருளைப் பேசுகிறது, யார் கேட்பதற்குரியது, பயன் யாது என எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்ப்போர் உண்டு. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் பொதுவாகத் தகாது என்பதும் அதன் கருத்து. ஆசிரியர், உடன்பயின்றோர், மாணவர், உரைகாரர் ஆகியோரே பாயிரம் கூறுவர். ஒரு குறை மட்டும் சொல்லலாம். இந்நால்வரும் நூலாசிரியருக்கு வேண்டியவர்கள். வேண்டாதவர், ஒன்றும் அறியாத புதியவர் ஆகியோர் கருத்துக்கு அங்கே இடமில்லை. இன்றைய மதிப்புரை அந்த இடத்தை நிரப்புகிறது.

நூலின் பொருள் மாறினால் அளவுகோலும் மாறும். சமையல் நூலை அடுப்பில்தான் மதிப்பிட வேண்டும். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் தம் நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்றே பெயரிட்டார். மதிப்புரையாளருக்கு அதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டா. அறிவியல் நூலில் முதலில் நோக்க வேண்டியது வெளியான ஆண்டு. 2006க்கு முற்பட்ட நூல் கோள்கள் ஒன்பது என்று கூறினால் அது பிழையன்று, பழமை. தன்வரலாற்றில் ஒருவர் குரலே ஒலிக்கும். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அவர் 1942இல் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றது. அதனை மதிப்பிடுவோர் கூறப்படாத ஆண்டுகளையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பிடுதலில் இடர் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்து, பின்னர்த் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை, பழந்தமிழ் நூல்கள் பலவற்றுக்குப் பிறர் கருதியதைவிடப் பிற்பட்ட காலம் கணித்தார். அவர் முடிவுகளுள் சிலவற்றை இன்று ஏற்க இயலாது. அவற்றைச் சான்று காட்டி மறுத்தோர் தமிழுக்கு நன்மை செய்தனர். சான்றை விடுத்து அவரைத் தமிழுக்குப் பகைவர் என்று பழித்தோரும் இருந்தனர். அப்பழிப்பால் எந்த நூலின் காலமும் ஓராண்டுகூட முன்னே செல்லவில்லை.

மதிப்புரை எழுதப் பேராசிரியராக இருக்க வேண்டுமா? வலியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தவர் ஆ. மாதவன் (1934–2021). மலையாளப் பள்ளியில் பயின்று, தமிழைத் தம் முயற்சியால் கற்றுக்கொண்டவர். கடையில் அமர்ந்தபடியே தெருவின் மனிதரைக் கதைகளாக்கினார். மலையாள நாவல்களைத் தமிழில் பெயர்த்தார். எனினும் அவருக்கு 2015இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த நூல் கதையன்று. தாம் படித்தவற்றையும் இலக்கியத்தையும் பற்றி எழுதிய 'இலக்கியச் சுவடுகள்' என்னும் கட்டுரைத் தொகுப்பு அது.

மாணவியின் குறிப்பு இப்பொழுது வேறு வடிவம் பெறுகிறது. அதன் மாதிரி வருமாறு:

"இந்நூல் வலியசாலையின் பழமையை எளிய நடையில் கூறுகிறது. தெருக்களையும் கோயிலையும் பற்றிய பகுதிகள் நேரில் கண்டது போல் உள்ளன. காந்தளூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது என்பதற்கு 866ஆம் ஆண்டுச் செப்பேட்டை ஆசிரியர் சான்றாகத் தருகிறார், அதனை ஏற்கலாம். அது வலியசாலையில்தான் இருந்தது என்பதற்குக் கோயிலின் பெயர் தவிர வேறு சான்று நூலில் இல்லை. காந்தளூர் கடலோடு சேர்ந்தது என்னும் கல்வெட்டுச் செய்தியை ஆசிரியர் குறிப்பிடவே இல்லை. 'கலம்' என்னும் சொல்லுக்கு அறிஞர் கூறும் பல பொருள்களுள் ஒன்றை மட்டும் எடுத்து, சாலை அழிந்தது என முடிவுகட்டுகிறார். இத்தெருவில் வசிப்போர்க்கு அவர் கூறுவது உண்மையாக இருக்க வேண்டும் என்னும் ஆசை உண்டு. அடுத்த பதிப்பில் அவர் மறுதரப்புச் சான்றுகளையும் சேர்த்தால் நன்று."

இக்குறிப்பைத் தோழி ஒருத்தி படித்து, "நம் தெருவை நீயே குறைத்து எழுதலாமா?" என்று வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை பயிற்சிப் பகுதிக்கு விடப்படுகிறது.

சொற்பொருள்

மெய்க்கீர்த்தி – கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைக் கூறும் பகுதி
சட்டர் – மாணவர்
பூசல் – சண்டை
தண்டம் – தண்டனைப் பணம்
பாயிரம் – நூலின் முகவுரை
அணித்தே – அருகிலேயே

பயிற்சி

1. 'கலம்' என்னும் சொல்லுக்குப் பாடத்தில் கூறப்பட்ட மூன்று பொருள்களையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

2. காந்தளூர் வலியசாலையே என்பதற்கு ஆதரவான சான்று எது? எதிரான சான்று எது? இரண்டனுள் வலியது எது என்று கருதுகிறாய்? காரணம் கூறுக.

3. தோழியின் வினாவுக்கு அம்மாணவி கூறும் விடையை உரையாடலாக எழுதுக.

4. வீட்டிலோ பள்ளி நூலகத்திலோ உள்ள ஒரு கட்டுரை நூலை எடுத்துக்கொள்க. நன்னூல் கூறும் எட்டனுள் எத்தனைக்கு அந்நூலின் முகப்பிலும் முன்னுரையிலும் விடை கிடைக்கிறது என்று பார்த்து, விடை கிடைக்காதவற்றைக் குறித்து வருக.

5. நீ வாழும் தெருவின் பெயருக்குப் பெரியோர் கூறும் காரணத்தைக் கேட்டு எழுதுக. அதே காரணத்தை அயல்வீட்டு மலையாளக் குடும்பத்தாரிடமும் கேட்டு, இரண்டும் வேறுபடும் இடத்தை அடிக்கோடிடுக.