வெள்ளத்தை முந்தும் செய்தி

நுழையும்முன்

பெருந்திரளாகக் கூடும் மக்களை ‘மக்கள் வெள்ளம்’ என்று கூறுவது தமிழ் வழக்கு. ஆற்று வெள்ளத்தை அணை கட்டி நெறிப்படுத்துகிறார்கள். மக்கள் வெள்ளத்தை எவ்வாறு நெறிப்படுத்துவது? திருவிழாவுக்கு வருவோர் வழிதவறாமலும் நெரிசலில் சிக்காமலும் சென்று திரும்பக் கம்பியில்லாத் தகவல்தொடர்பும் மேகக் கணிமையும் துணைபுரியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. எல்லையில் ஓர் ஊர்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பிச்சாட்டூர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆந்திர மாநில மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது, புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. திருமலை அமைந்துள்ள வேங்கடத்தையே தமிழகத்தின் வடஎல்லையாகத் தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது.

இச்சாலை நெடுகிலும் திருத்தலங்கள் உள்ளன. சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளி, கிருஷ்ணதேவராயர் தம் தாயின் நினைவாகக் கோயில் எழுப்பிய நாகலாபுரம், கல்யாண வேங்கடேசர் கோயில் கொண்ட நாராயணவனம் ஆகியன அவற்றுள் சில. புரட்டாசி மாதம் பிறந்துவிட்டால், மஞ்சளாடை உடுத்தித் திருமலையை நோக்கி நடந்து செல்லும் அடியார்களை இச்சாலையில் காணலாம்.

பிச்சாட்டூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இங்கு ஆரணியாற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டுள்ளது. இந்த ஆறு தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் பாய்ந்து பழவேற்காட்டுப் பகுதியில் கடலை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை மிகுந்து அணை நிரம்பும்போது உபரிநீர் திறக்கப்படும். அவ்வேளையில் ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. தண்ணீர் வந்து சேருமுன் செய்தி வந்து சேர வேண்டும். தண்ணீர் வந்தபின் வரும் செய்தியால் பயன் இல்லை. மக்கள் வெள்ளத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

2. நெரிசல் பிறக்கும் விதம்

கூட்டம் பெரிதாக இருப்பதனால் மட்டும் விபத்து நேர்வதில்லை. ஒரே இடத்தில் அளவுக்கு மீறி மக்கள் செறிவதே ஆபத்தின் தொடக்கம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்து பேருக்குமேல் நின்றால், அவர்கள் தம் விருப்பப்படி நகர இயலாத நிலை உருவாகத் தொடங்கும் என்று கூட்ட மேலாண்மை வல்லுநர்கள் கூறுகின்றனர். அதற்குமேல் செறிவு கூடினால், ஒருவர் தடுமாறுவதும் பலர் விழுவதும் நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும்.

முன்வரிசையில் ஒருவர் விழுந்திருப்பது முன்னால் இருப்போருக்குத் தெரியும். பின்னால் இருப்போருக்கோ அது தெரியாது. வாயில் திறந்துவிட்டது என்று எண்ணி அவர்கள் முன்னோக்கி நகர்வர். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. இல்லாதது செய்தி மட்டுமே. முன்னால் நிகழ்வது பின்னால் இருப்போருக்கும், பின்னால் பெருகுவது வாயிலைத் திறப்போருக்கும் உடனே தெரிந்தால் நெரிசலைத் தவிர்க்கலாம். இந்தச் செய்தியை விரைந்து கொண்டுசெல்வதுதான் தொழில்நுட்பத்தின் பணி.

3. கம்பியில்லாத் தகவல்தொடர்பு

கைபேசி, வானொலி அலைகளின் வழியாக அருகிலுள்ள கோபுரத்துடன் தொடர்புகொள்கிறது. ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழைப்புகளையே தாங்கும். வழக்கமாகச் சில ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் கூடினால், அழைப்புகள் கிடைக்காமல் போவது இயல்பு. இதனைச் சமாளிக்கப் பெருவிழாக்களின்போது வண்டியில் பொருத்தப்பட்ட நடமாடும் கோபுரங்களை நிறுத்துகின்றனர். அழைப்பு கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி சென்று சேர வாய்ப்பு உண்டு. அதற்கு மிகக் குறைந்த அலைவரிசையே போதும்.

கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையும் உள்ளது. இதற்கு எவருடைய எண்ணும் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இம்முறையை நாடெங்கும் சோதித்தது. அப்போது பலருடைய கைபேசிகள் உரத்த ஒலியுடன் அதிர்ந்து, திரையில் சோதனைச் செய்தியைக் காட்டின. ‘வடக்கு வாயில் மூடப்பட்டுள்ளது; கிழக்கு வாயிலுக்குச் செல்க’ என்பது போன்ற அறிவிப்பைக் குறிப்பிட்ட பகுதியில் நிற்போருக்கு மட்டும் அனுப்ப இம்முறை ஏற்றது.

இடம் அறிவதற்குச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெற்றுக் கைபேசி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இணையம் கட்டாயம் இல்லை. எனினும், இருப்பிடத்தைக் காட்டும் வரைபடத்துக்கு இணையம் தேவை. ஆகவே, வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் சேமித்துக்கொண்டு புறப்படுவது அறிவுடைமை.

4. மேகக் கணிமை

மேகக் கணிமை என்னும் சொல்லில் மேகம் இருப்பினும், அது வானத்தில் இல்லை. பெரிய தரவு மையங்களில் வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளே அந்த ‘மேகம்’. அவற்றை இணையத்தின் வழியாக எங்கிருந்தும் பயன்படுத்தலாம்.

தீபாவளி, பொங்கல் காலங்களில் போக்குவரத்துக் கழகங்கள் சிறப்புப் பேருந்துகளை இயக்குகின்றன. விழா முடிந்ததும் அப்பேருந்துகள் வழக்கமான தடங்களுக்குத் திரும்புகின்றன. மேகக் கணிமையும் அவ்வாறே. திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் மாதந்தோறும் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெருந்திரளானோர் ஒரே நேரத்தில் முயல்வர். ஒரே ஒரு கணினி இச்சுமையைத் தாங்காது. மேகக் கணிமையில் தேவைக்கேற்பக் கணினிகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். தேவை தீர்ந்ததும் குறைக்கலாம்.

மேகக் கணிமைக்கு மற்றொரு பணியும் உண்டு. வாயில்களில் உள்ள ஒளிப்படக் கருவிகள், சீட்டு வழங்கும் இடங்கள், பேருந்து நிலையங்கள், மருத்துவ முகாம்கள் ஆகிய அனைத்திலிருந்தும் வரும் செய்திகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டுவதே அப்பணி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு செய்தி. சேர்த்துப் பார்த்தால் கூட்டம் எங்கே பெருகுகிறது என்பது புலப்படும்.

5. திருமலை கற்பித்த பாடம்

திருமலையில் பிரம்மோற்சவம் ஒன்பது நாள் நடைபெறும். ஐந்தாம் நாள் இரவில் நிகழும் கருட சேவையைக் காணப் பெருங்கூட்டம் திரளும். கோயிலைச் சூழ்ந்த நான்கு மாட வீதிகளின் அரங்குகளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அமரலாம். சென்னையிலிருந்து திருக்குடைகளும் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலையும் இவ்விழாவுக்குச் செல்வது மரபு. எனவே, வருவோரில் தமிழர் பலர்.

திருமலைக்குத் தரிசனத்துக்காக வருவோரை நெறிப்படுத்த நேரம் குறித்த சீட்டுகள் வழங்கப்படுகின்றன. வரிசையில் நாள்முழுதும் நிற்பதற்கு மாற்றாக, குறித்த நேரத்தில் வந்தால் போதும். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் முகம் அறியும் தொழில்நுட்பமும் இங்குச் சோதனை முறையில் பயன்படுத்தப்பட்டது. 2025 சனவரியில் ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்னும் வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியது. ‘நம் நண்பன்’ என்பது இப்பெயரின் பொருள்.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2025 சனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசிச் சீட்டுகளைப் பெறத் திருப்பதி நகரில் திரண்டோர் நெரிசலில் சிக்கினர். ஆறு பேர் உயிரிழந்தனர். மலைமேல் கூட்டத்தைக் குறைப்பதற்கான சீட்டே, மலையடிவாரத்தில் மற்றொரு கூட்டத்தை உண்டாக்கியது. அடுத்த முறை வைகுண்ட வாயில் தரிசனத்தின் முதல் மூன்று நாள்களுக்கான சீட்டுகள் இணையவழிக் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. சீட்டுக்காக ஓரிடத்தில் திரள வேண்டிய தேவை அதனால் குறைந்தது. கூட்டத்தை இடம் மாற்றுவது தீர்வாகாது. கூட்டம் திரளும் தேவையைக் குறைப்பதே தீர்வாகும் என்பது இந்நிகழ்வு கற்பித்த பாடம்.

6. கும்பமேளாவில்

2025 சனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகா கும்பமேளா நடைபெற்றது. 66 கோடிக்கும் மேற்பட்டோர் நீராடியதாக அரசு அறிவித்தது. வருவோரின் கேள்விகளுக்கு 11 மொழிகளில் விடையளிக்கும் உரையாடல் செயலி ஒன்று உருவாக்கப்பட்டது. மின்கம்பங்களில் கியூஆர் குறியீடுகள் ஒட்டப்பட்டன. அவற்றைக் கைபேசியில் படம்பிடித்தால், நிற்கும் இடம் எது என்பது தெரிந்துவிடும். காணாமற்போனோரைக் கண்டறியக் கணினிவழி மையங்கள் இயங்கின.

ஆயினும், சனவரி 29 விடியலுக்கு முன் சங்கமத்தின் அருகே ஏற்பட்ட நெரிசலில் 30 பேர் உயிரிழந்ததாக அரசு தெரிவித்தது. கருவி எச்சரிக்கும், வாயிலை அடைப்பதும் வேறு வழியைத் திறப்பதும் மனிதர் எடுக்கும் முடிவுகள். அம்முடிவு காலம் தாழ்ந்தால் கருவியால் பயன் இல்லை.

7. கடைசி மனிதர்

கைபேசியே இல்லாத ஒரு பாட்டி திருவிழாவுக்கு வருகிறார் என்று கொள்வோம். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே. செயலியும் குறியீடும் அவருக்கு எவ்வாறு உதவும்? ஒலிபெருக்கியில் தமிழ் அறிவிப்பு ஒலித்தால் அவர் புரிந்துகொள்வார். பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகையும் அம்புக்குறியும் இருந்தால் அவர் வழி அறிவார். உறவினரின் கைபேசி எண் எழுதிய தாள் அவருடைய சுருக்குப்பையில் இருந்தால், தொண்டர் ஒருவர் அந்த எண்ணை அழைத்துப் பேசுவார். குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் எண் எழுதிய பட்டையைக் கட்டுவதும் இத்தகையதே.

முகப்படம், இருப்பிடம் ஆகியன ஒருவரின் தனிப்பட்ட தரவுகள். வழிகாட்டுவதற்காகப் பெற்ற தரவை வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது. இத்தகைய தரவுகளைக் காக்க 2023-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

பிச்சாட்டூர் அணையின் நீர் திறக்கப்படும்போது, ஆற்றின் கடைக்கோடி ஊர்வரை எச்சரிக்கை சென்றால்தான் அது எச்சரிக்கை. திருவிழாவிலும் அவ்வாறே. கைபேசி வைத்திருப்போரோடு நின்றுவிடாமல், கூட்டத்தின் கடைசியில் நிற்கும் அந்தப் பாட்டியின் காதில் அவர் மொழியிலேயே ஒலிக்கும் செய்திதான் வழிகாட்டும் செய்தி.

சொற்பொருள்

திரள் – கூட்டம்
நெறிப்படுத்து – முறையாக நடத்து
உபரிநீர் – தேவைக்கு மிஞ்சிய நீர்
செறிவு – நெருக்கம்
சைகை – குறிப்பால் உணர்த்தும் செய்தி
தரவு – சேகரித்த தகவல்
கடைக்கோடி – கடைசி எல்லை
சுருக்குப்பை – கயிற்றை இழுத்து மூடும் சிறு துணிப்பை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பிச்சாட்டூரில் அணை கட்டப்பட்டுள்ள ஆறு
அ) பாலாறு ஆ) ஆரணியாறு இ) கூவம் ஈ) பெண்ணையாறு

2. கருட சேவை பிரம்மோற்சவத்தின் எந்த நாள் இரவில் நடைபெறும்?
அ) மூன்றாம் நாள் ஆ) ஐந்தாம் நாள் இ) ஏழாம் நாள் ஈ) ஒன்பதாம் நாள்

3. ‘கடைக்கோடி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) கடைக் + கோடி ஆ) கடை + கோடி இ) கடைக்கு + ஓடி ஈ) கட + கோடி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பெருங்கூட்டத்தில் கைபேசி அழைப்பு கிடைக்காமல் போவது ஏன்?
2. மேகக் கணிமை எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது?
3. ‘இல்லாதது செய்தி மட்டுமே’ – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?

இ. விரிவாக விடை எழுதுக.

1. அணையின் நீரையும் திருவிழாக் கூட்டத்தையும் இப்பாடம் ஒப்பிடும் முறையை விளக்குக.
2. தொழில்நுட்பம் இருந்தும் நெரிசல் நேர்வதற்குரிய காரணங்களைப் பாடத்தின் துணைகொண்டு எழுதுக.

ஈ. செயல்பாடு

நீ வாழும் நகரில் நடைபெறும் ஒரு திருவிழாவைத் தேர்ந்துகொள். அங்கு வரும் தமிழ் முதியோருக்காக, வாயில், குடிநீர், மருத்துவ முகாம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு அறிவிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக. ஒவ்வொன்றும் ஐந்து சொற்களுக்கு மிகாமல் இருக்கட்டும். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அவற்றைப் படித்துக் காட்டி, உடனே புரிகிறதா என்று கேட்டறிக.