எத்தனை அடி என்று கேட்டார்

2019-இல் தெற்கு மாட வீதியில், எதிர்வீட்டு மாமியின் ஐந்து பவுன் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனதைப் பூ வாங்கிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். "நமக்கெதுக்கு கோர்ட்டு வம்பு" என்று ஒதுங்கிவிட்டார்கள். சாட்சி சொல்லப் போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

சம்மன் வந்தது, வாய்தா தள்ளிப்போனது, 2023-இல் ஒருநாள் சைதாப்பேட்டையில் கூண்டேறினேன். முந்தின ராத்திரி தூக்கமில்லை. ஆனால் என்னைக் கவிழ்த்தது பயமல்ல, அத்திம்பேர் சொன்ன யோசனை. "போலீஸ் எழுதினதை வரிவரியா நெட்டுருப் போட்டுண்டு போ. ஒரு வார்த்தை மாறினாலும் பிடிச்சுப்பா" என்று நகலையும் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "மாமிக்கும் உங்களுக்கும் எத்தனை அடி?" என்றார்.

"இருபது அடி."

"இந்தக் கூண்டுலேர்ந்து அந்த வாசல் எத்தனை அடி?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பத்து." கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வாசல் அதைவிட ரொம்ப தூரம்.

"அப்போ இருபது அடிங்கறது உங்க கணக்கா, போலீஸ் கணக்கா?"

நான் வாய் திறக்கவில்லை. சந்தேகத்தின் பலன் என்று இருவரும் விடுதலை.

பிறகுதான் தெரிந்தது. போலீஸ் விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நாம் கையெழுத்தே போடுவதில்லை. அது சாட்சியமும் ஆகாது. நாம் கூண்டில் மாற்றிச் சொன்னால் எடுத்துக்காட்டி முரண்பாடு என்று சொல்லத்தான் உதவும். அதை மனப்பாடம் செய்து யாருக்கு என்ன லாபம்? அடிக்கணக்கு எனக்குத் தெரியாது, பூக்கடைக்கும் எதிர்ப்பக்க நடைபாதைக்கும் உள்ள தூரம்தான் என்று சொல்லியிருந்தால் எந்த வக்கீல் என்ன செய்ய முடியும்? நம் மாட வீதியின் அகலம் நம் கண்ணுக்குத் தெரியாதா?

உங்களுக்கும் சம்மன் வந்திருந்தால், முந்தின வாரமே போய் வேறொரு வழக்கில் பின்பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பொதுவாக விசாரணையை யாரும் பார்க்கலாம். கூண்டு எங்கே, தட்டச்சு செய்பவர் எங்கே என்று தெரிந்தாலே பாதி நடுக்கம் போகும். கேள்வி கேட்பவர் வக்கீலாக இருந்தாலும் நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். "ஞாபகமில்லை" என்பது முழுப் பதில்தான்.

முடிந்ததும், கோர்ட்டில் நீங்கள் சொன்னதாக எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவு அதற்குத்தான் இருந்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது உண்டு. நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். மிரட்டல் இருந்தால் மறைக்காதீர்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் உங்கள் வழக்குக்குப் பொருந்துமானால் மனுக் கொடுக்கலாம்.

மாமி இப்போது என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறாள். அத்திம்பேரோ, "இன்னும் நன்னாப் படிச்சிருக்கணும்" என்கிறார். இந்தக் கட்டுரையை முதலில் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.